சொல்லை மாற்றலாம், படிக்க முடியாது



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு சகோதரி. கணவர் மவுத்தாகி, இத்தா முடிந்து சில நாட்களே ஆகின்றன. அவர் நடத்திவந்த இரும்புச் சாமான் கடையின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் அவருடைய மடிக்கணினியில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. கணினியைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. பஜாரில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர், கறுப்புத் திரையில் இரண்டு வரி அடித்தால் திறந்துவிடும் என்கிறாராம். கொழுந்தனாரோ, "மவுத்தானவர் பூட்டி வைத்ததை உடைப்பதா? வேண்டாம் மதினி" என்று தடுக்கிறாராம். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

கடனை அடைத்த பிறகே சொத்துப் பங்கீடு என்பது நாம் அறிந்ததே. ஆகவே அந்தக் கணக்கு கட்டாயம் வெளியே வரவேண்டிய ஒன்று. கொழுந்தனாரின் தயக்கமும் மதிக்கத்தக்கதே. பழுதுபார்ப்பவர் சொல்வதும் பொய்யன்று. ஆயினும் இருவரும் ஒரு செய்தியைக் கவனிக்கவில்லை. அந்த இரண்டு வரி, கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பதில்லை, அதை மாற்றுகிறது. கண்டுபிடிப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் கைவைத்தால், மீட்க நினைத்த கணக்கே மீளாமல் போய்விடவும் கூடும்.

நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. இயந்திரத்தின் உள்ளே மின்சாரம் எவ்வாறு ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் எங்கள் மதரஸா அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. அவற்றில் இருப்பது லினக்ஸ். விலையின்றிக் கிடைக்கும் இயக்கு மென்பொருள். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் அதை உருவாக்கியது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அதில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, 'பாஸ்வேர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஓ, ஆர் ஆகிய இரண்டு எழுத்துகளை மட்டும் உதிர்த்துவிட்டுத் தட்டச்சு செய்தால், அதுவே கட்டளை. லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸை உருவாக்கியோர் இப்படிச் சுருக்குவதில் வல்லவர்கள். அக்காலத்துத் தட்டச்சு முனையங்கள் அத்தனை மெதுவானவை. இரண்டு எழுத்து மிச்சமானாலும் ஆதாயம்தான்!

கட்டளை பிறந்ததும் கணினி முதலில் உங்கள் பழைய சொல்லைக் கேட்கும். பிறகு புதிய சொல்லை இரண்டு முறை கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் எழுத்து தோன்றாது, நட்சத்திரம் தோன்றாது, ஒரு புள்ளிகூடத் தோன்றாது. முதன்முறை பார்க்கும் மாணவர்கள், விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எழுந்து வந்து முறையிடுவதுண்டு. கெடவில்லை. தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு உங்கள் சொல் எத்தனை எழுத்து என்பதுகூடத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாததால்தான் புதிய சொல்லை இரண்டு முறை கேட்கிறது.

ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டவரிடம் பழைய சொல்லை மறுபடியும் ஏன் கேட்க வேண்டும்? நீங்கள் கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு அஸர் தொழுகைக்கு எழுந்து செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் வேறொருவர் வந்து அமர்ந்து, உங்கள் சொல்லை மாற்றி, உங்களையே வெளியே நிறுத்திவிடக் கூடாதன்றோ?

இனி, நீங்கள் கொடுத்த சொல்லைக் கணினி எங்கே வைக்கிறது? இதற்கு விடை காணக் கொஞ்சம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் பொருள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையில், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை ஒன்று உருவாயிற்று. 1961 இல் அது முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. ஒருவருடைய கோப்பில் இன்னொருவர் நுழையாதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். அந்தச் சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

விளைவு என்னவாயிற்று? ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்குக் கணினியில் ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. 1962 இல், கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் வேண்டலாம் என்பதைக் கண்டுகொண்ட அவர், கடவுச்சொல் கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்தார். இயந்திரம் பணிவோடு அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! இதை அவரே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அதே பத்தாண்டின் நடுவில் இன்னொரு நிகழ்ச்சி. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில், ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் திருத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டின் தற்காலிகப் படிகளும் இடம் மாறிப்போயின. அதன்பின் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்சியளித்தன.

சொல்லை ஒளித்து வைப்பதால் பயனில்லை; சொல்லையே வைக்காமல் இருப்பதுதான் வழி என்ற எண்ணம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீட்ஹாம் என்பவரிடம் தோன்றியது. கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு உருமாற்றி, அந்த உருமாற்றத்தை மட்டும் எழுதி வைப்பது. சந்தனத்தை அரைத்துவிடலாம், அரைத்ததைத் திரும்பக் கட்டையாக்க முடியாது. மறுமுறை நீங்கள் உங்கள் சொல்லைத் தட்டும்போது கணினி அதையும் அதே முறையில் அரைத்துப் பார்க்கிறது. இரண்டு விழுதும் ஒத்திருந்தால் உள்ளே விடுகிறது. உங்கள் சொல் என்னவென்று அதற்கு நினைவில்லை. நினைவில் வைக்க வேண்டிய தேவையுமில்லை.

யூனிக்ஸ் இம்முறையை எடுத்துக்கொண்டது. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுவது. அவர்கள் மக்கள் உண்மையில் வைத்துக்கொள்ளும் கடவுச்சொற்களைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 3,289. அவற்றில் 15 பேரின் சொல் ஒரே ஓர் எழுத்து! இரண்டே எழுத்து 72, மூன்றெழுத்து 464. இவற்றோடு எளிதில் ஊகிக்கக்கூடிய பிறவற்றையும், அகராதியில் உள்ளவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு 86 தேறாதவை. அரைப்பது எவ்வளவு திறமையானாலும், திருடன் அகராதியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவான் அல்லவா? எனவே அரைக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒரே கணக்கை 25 முறை திரும்பச் செய்யவைத்தார்கள். மேலும் ஒவ்வொரு சொல்லோடும் கண்டபடி எடுத்த ஒரு சிறு எண்ணைச் சேர்த்து அரைத்தார்கள். அதற்கு 'உப்பு' என்றே பெயர். 4,096 வகை உப்பு. இதனால் இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் பதிவேட்டில் வேறு வேறாகத் தெரியும். திருடன் ஒரு முறை அரைத்து வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பொருத்திப் பார்க்கும் வழி அடைபட்டது. இன்றைய முறைகளில் உப்பும் மிகுதி, மெதுவும் மிகுதி.

அந்த முன்னோடிகளின் சொந்தக் கடவுச்சொற்கள் எப்படி இருந்தன என்பதும் பின்னாளில் வெளிப்பட்டது சுவையான கதை. 1980ஐ ஒட்டிய காலத்து யூனிக்ஸ் கடவுக் கோப்பு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பழைய முறையில் அரைக்கப்பட்டவை என்பதால் பல சொற்கள் விரைவில் விழுந்துவிட்டன. ஸ்டீஃபன் பூர்ன் என்னும் புகழ்பெற்ற நிரலாளர் தம் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்! தாம்சனுடையது மட்டும் அசையவில்லை. 2019 இல்தான், சக்திமிக்க நவீனச் சில்லு ஒன்றை நாட்கணக்கில் ஓடவிட்டு அதைக் கண்டார்கள். சதுரங்கத்தில் அரசிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கும் ஆட்டத்தைக் குறிக்கும் எட்டெழுத்துக் குறியீடு அது. தாம்சன் சதுரங்கம் ஆடும் இயந்திரமே செய்தவர்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அரைத்த சொற்கள் உள்ள பதிவேட்டில் ரூட் எனப்படும் தலைமை நிர்வாகி மட்டுமே எழுத முடியும். முன்பெல்லாம் அதை எவரும் படிக்கவாவது முடிந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து அரைத்த சொற்களை மட்டும் 'நிழல்' என்னும் தனிக் கோப்புக்கு மாற்றிப் படிக்கவும் தடைவிதித்துவிட்டார்கள். அப்படியிருக்க, சாதாரணப் பயனாளர் ஒருவர் தம் சொல்லைத் தாமே எவ்வாறு மாற்றிக்கொள்கிறார்?

ஜமாஅத் அலுவலகத்து நிக்காஹ் தஃப்தரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் போய் அதை எடுத்து எழுத முடியாது. ஆனால் எழுத்தர் நம்மை விசாரித்து, நமக்குரிய வரியை மட்டும் எழுதுகிறார். இந்தக் கட்டளையும் அப்படிப்பட்ட எழுத்தர்தான். யார் அழைத்தாலும் அது தலைமை நிர்வாகியின் அதிகாரத்தோடு இயங்கும். ஆனால் அழைத்தவருடைய வரியைத் தவிர வேறு வரியைத் தொடாது. இந்த உத்தியைக் கண்டவர் டென்னிஸ் ரிட்சி. 1979 இல் இதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. சிறிய உத்திதான். ஆனால் பல பேர் கூடி வாழும் ஒரு கணினியில் அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுக்காமலே காரியத்தை மட்டும் நடத்திக்கொள்ளச் செய்கிறதே, அதை நான் வியந்து பார்ப்பதுண்டு.

தலைமை நிர்வாகிக்கு மட்டும் எழுத்தர் விதிவிலக்கு அளிக்கிறார். கட்டளையோடு வேறொருவர் பெயரைச் சேர்த்து எழுதினால், பழைய சொல்லைக் கேட்காமலே அவருடைய சொல்லை மாற்றிக்கொடுத்துவிடும். மறந்துவிட்டவர்களுக்கு உதவ வேறு வழி கிடையாது. ஆனால் கவனியுங்கள்! அந்தத் தலைமை நிர்வாகியால்கூடப் பழைய சொல் என்னவென்று படிக்க முடியாது. மாற்றினால், உரியவர் மறுநாள் வந்து தம் சொல்லைத் தட்டும்போது திறக்காது; யாரோ கைவைத்தது உடனே தெரிந்துவிடும். 

இதிலிருந்து வாசகர்கள் ஓர் உரைகல்லை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எழுதினால், புதிதாக வைத்துக்கொள்ளச் சொல்வது முறையான நிறுவனம். உங்கள் பழைய சொல்லையே அப்படியே திருப்பி அனுப்பும் நிறுவனம் எதுவாயினும், அது உங்கள் சொல்லைப் படிக்கக்கூடிய வடிவில் எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கணவரின் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ். அதிலும் கறுப்புத் திரை உண்டு. 'நெட் யூசர்' என்று தொடங்கும் கட்டளை இதே வேலையைச் செய்யும். பழுதுபார்ப்பவர் வேறொரு சாதனத்திலிருந்து கணினியை இயக்கி, நிர்வாகி அதிகாரத்தைப் பெற்று, அதன்மூலம் சொல்லை மாற்றுவார். இது அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் கணக்குக்குத்தான் பொருந்தும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பதிந்த மின்னஞ்சல் கணக்கால் நுழையும்படி அமைத்திருந்தால், சொல் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. கறுப்புத் திரையில் மாற்ற முடியாது.

அபாயம் எங்கே என்றால், உரியவர் பழைய சொல்லைக் கொடுத்து மாற்றுவதும், நிர்வாகி மேலிருந்து மாற்றுவதும் கணினிக்கு ஒன்றல்ல. விண்டோஸில் தனித்தனிக் கோப்புகளுக்கு மறைகுறியாக்கம் செய்யும் வசதி உண்டு. அவற்றின் திறவுகோல், பழைய கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. உரியவரே மாற்றினால் பிணைப்பும் சேர்ந்து மாறும். மேலிருந்து மாற்றினால் கணினி திறக்கும். அந்தக் கோப்புகள் திறக்கா. உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் அவ்வாறே கைநழுவக்கூடும். கதவைப் பெயர்த்து உள்ளே போனவருக்கு இரும்புப் பெட்டியின் சாவி கிடைப்பதில்லை.

ஆகவே சகோதரி முதலில் செய்ய வேண்டியது, சொல்லை மாற்றவிடாமல் இருப்பது. கணினியின் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, அதன் முழுப் படி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாததாக இருந்தால் கடைக் கணக்குக் கோப்புகளை அங்கிருந்தே படித்துவிடலாம். கடவுச்சொல்லைத் தொடவே தேவையில்லை. ஆம், இத்தனை எளிதுதான். நுழைவுச் சொல் என்பது வாசற்கதவு மட்டுமே. சுவரைச் சுற்றி வந்தால் உள்ளே போகலாம். மாறாக, பிட்லாக்கர் என்னும் முறையால் வட்டு முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் பஜாரில் எவராலும் திறக்க முடியாது. திறப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்று உண்டு. கணவரின் காகிதங்களுக்குள் அச்சிட்டு வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள்; அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் அது இருக்கக்கூடும். கணக்கை டேலியில் எழுதியிருந்து, டேலிவால்ட் என்னும் பூட்டையும் போட்டிருந்தால் அதற்குத் தனிச் சொல் தேவை. அந்தச் சொல்லை மீட்டெடுக்க வழியில்லை. அந்நிலையில் கடையின் ரசீதுகள், வங்கி அறிக்கை, சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிகளின் பேரேடு ஆகியவற்றிலிருந்துதான் கணக்கைக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கும்.

கொழுந்தனார் அஞ்சுவதற்கும் இதில் இடமளிக்கலாம். வாரிசுகள் இருவராவது உடனிருக்கும்போது வட்டைத் திறக்கச் சொல்லுங்கள். கடைக் கணக்குக் கோப்புகளை மட்டும் எடுங்கள். படங்கள், கடிதங்கள் அவருடைய அமானிதம். அவற்றைப் புரட்டும் வேலை பழுதுபார்ப்பவருக்கு இல்லை. இயன்றால் இந்த வேலையை அவர் கடையில் விட்டுவராமல் வீட்டுக்கு வரவழைத்துச் செய்வது நல்லது.

பள்ளிக்கூடங்களிலும் சிறு அலுவலகங்களிலும் மற்றவர்களின் சொல்லை மாற்றிக்கொடுக்கும் பொறுப்பில் உள்ள வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். புதிய சொல்லைக் கட்டளை வரியிலேயே சேர்த்து எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. விண்டோஸின் கட்டளை அதற்கு இடமும் கொடுக்கிறது. கூடாது. நீங்கள் தட்டிய வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கறுப்புத் திரைக்கு உண்டு. லினக்ஸில் அது கோப்பாகவே தங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த நொடியிலேயே சொல்லையும் பார்த்துவிடுவார். விண்டோஸில் சொல்லுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியை இடுங்கள். கணினி தனியே கேட்டு, மறைவாக வாங்கிக்கொள்ளும்.

மாணவருக்கு நாம் வைத்துக்கொடுக்கும் சொல் நமக்கும் தெரிந்த சொல். அது நீடிக்கக் கூடாது. லினக்ஸ் ஒவ்வொருவரும் கடைசியாகச் சொல்லை மாற்றிய நாளை, 1970 ஜனவரி 1 முதல் எத்தனையாவது நாள் என்று எண்ணிக் குறித்து வைக்கிறது. அந்த எண்ணைச் சுழியமாக்கிவிட்டால், அவர் அடுத்த முறை நுழைந்ததும் புதிய சொல்லை வைத்தாக வேண்டும் என்று கணினியே கட்டாயப்படுத்தும். நாங்கள் புதிய மாணவர்களுக்கு இப்படித்தான் செய்கிறோம்.

வேலையை விட்டுச் செல்பவரின் சொல்லைப் பூட்டும்போது ஏமாந்துவிடாதீர்கள். பூட்டும் கட்டளை, அரைத்து வைத்த சொல்லின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போடுகிறது. அவ்வளவுதான்! எதை அரைத்தாலும் இனிப் பொருந்தாது. ஆனால் தொலைவிலிருந்து மின்திறவுகோல் கொண்டு நுழையும் வசதியை அவர் வைத்திருந்தால் அந்த வழி திறந்தேயிருக்கும். சொல்லை மாற்றும் நேரத்தில் ஏற்கெனவே உள்ளே இருப்பவரையும் அது வெளியேற்றாது. கணக்கையே காலாவதியாக்க வேண்டும். திறந்துள்ள அமர்வுகளையும் முடிக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளிலும் இதே நிலைதான். சொல்லை மாற்றியதோடு, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் தேடி அழுத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லை மாற்ற வேண்டும் என்ற அலுவலக விதியைப் பலர் மார்க்கச் சட்டம் போலக் கடைப்பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003 இல் எழுதிய வழிகாட்டுதலோடு சேர்ந்து பரவிய பழக்கம் அது. 2017 இல் அவரே, தாம் எழுதியவற்றில் பலவற்றுக்கு வருந்துவதாகச் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் சொல்லின் இறுதியிலுள்ள 1ஐ 2 ஆக்குகிறார்கள். அதைத் திருடனும் அறிவான். அந்நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சொல் வெளிப்பட்டதற்கு அறிகுறி இருந்தாலன்றி, குறித்த காலத்துக்கொருமுறை மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கூறிவிட்டது. லினக்ஸ் இதில் முன்பே தாராளம். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், அது பொதுவாகச் சொல்லுக்கு அளிக்கும் ஆயுள் 99,999 நாட்கள். 273 ஆண்டுகளுக்கும் மேல்!

மாற்ற வேண்டிய வேளைகள் வேறு. சொல்லைத் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுச் செல்லும்போது. அதே சொல்லை வைத்திருந்த வேறோர் இடத்தில் திருட்டு நடந்ததாகச் செய்தி வரும்போது. கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது சொல்லையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், அது வீடு திரும்பிய அன்றே. அந்தச் சீட்டையும் கடைக்காரரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.